பரணில் இருந்த பாட்டு நோட்டும் புதுப்பேட்டை முதலியாரும்

மந்தைவெளியில் பெரியம்மா இருக்கும் ஃப்ளாட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள். நாற்பது வருஷத்துக் கட்டடம். பில்டரோடு கையெழுத்தாகிவிட்டது, மூன்று வாரத்தில் காலி பண்ண வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் கஸினால் வர முடியவில்லை. ஆகவே பரணைக் காலி பண்ணும் வேலை என் தலையில் விழுந்தது.

பித்தளைப் பாத்திரம், உடைந்த தையல் மெஷின், 1980-களின் தீபாவளி மலர்கள். இதற்கெல்லாம் அடியில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே ஏழு நீள நோட்டுகள். என் தாத்தா (அம்மாவின் அப்பா) 1940-களில் எழுதிய பாட்டு நோட்டுகள். அவர் கணக்கு ஆபீஸ் குமாஸ்தா. சாயங்காலம் ஒரு வாத்தியாரிடம் பாட்டு கற்றுக்கொண்டவர். கச்சேரி எல்லாம் பண்ணியதில்லை. முத்து முத்தான கையெழுத்து. சாகித்யம் மேலே, ஸ்வரம் கீழே.

கஸினுக்கு வாட்ஸப்பில் படம் அனுப்பினேன். "ஸ்கேன் பண்ணிட்டு தூக்கிப் போட்டுடு" என்று பதில் வந்தது. எனக்கும் அப்போது அது நியாயமாகத்தான் பட்டது. என் தொழிலே அப்படித்தானே: பிரதி எடுத்தாச்சு என்றால் மூலம் எதற்கு?

பெரியம்மா மட்டும் பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். "ஒரு தரம் இப்படித்தான் ஒருத்தர் பாத்துட்டு தரேன்னு ஒரு நோட்ட எடுத்துண்டு போனார். எட்டு இருந்தது, இப்ப ஏழு. நீ வேணா இங்கயே ஒக்காந்து பாரு."

81 வயசு. அவளிடம் போய் ஃபோட்டோ மட்டும்தான் எடுப்பேன் என்று வாதாட மனசு வரவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, இந்த மாதிரி வீட்டுக்குள்ளேயே இருந்த இசைக் காகிதங்கள் எப்படி வெளியே வந்தன என்று தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடலில் பழைய நண்பர் ஒருவர் மறுபடி அகப்பட்டார். நான் பிறப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டவர்தான், ஆனாலும் நண்பர் என்றே சொல்லத் தோன்றுகிறது. ஏ. எம். சின்னசாமி முதலியார். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது.

விக்டோரியா காலத்துச் சென்னை

முதலில் காலத்தைக் கொஞ்சம் கண்முன் கொண்டுவருவோம். 1890-கள். விக்டோரியா ராணியின் ஆட்சியில் கடைசிப் பத்து வருஷம். மவுண்ட் ரோடில் மிஸ்கித் கம்பெனி பியானோ விற்றுக்கொண்டிருந்தது. 1842-இல் தொடங்கிய அந்தக் கடைதான் பிற்பாடு மியூஸி மியூஸிகல் ஆனது. எழும்பூர் கிர்க்கில் இங்கிலாந்திலிருந்து தருவித்த பைப் ஆர்கன் 1883 முதல் ஒலித்துக்கொண்டிருந்தது. அதாவது ஐந்து கோடு போட்ட ஸ்டாஃப் நொட்டேஷனைப் பார்த்து வாசிக்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் இருந்தார்கள். பெரும்பாலும் சர்ச்சைச் சுற்றி, பட்டாளத்து பேண்டைச் சுற்றி.

இன்னொரு பக்கம் நம் சங்கீதம். அது வாயிலிருந்து காதுக்குப் போனது. எழுதி வைத்திருந்தாலும் ஓலையிலோ நோட்டிலோ வீட்டுக்குள் இருந்தது. வித்தை என்பது சொத்து. சொத்தை யாராவது தெருவில் வைப்பார்களா?

இந்த இரண்டு உலகத்திலும் கால் வைத்திருந்தவர் சின்னசாமி முதலியார். எம்.ஏ. படித்தவர். சென்னை அரசுச் செயலகத்தில் சூப்பரின்டெண்டென்ட். கத்தோலிக்கர். மேற்கத்திய இசையும் தெரியும், கர்நாடக சங்கீதமும் தெரியும். 1893-இல் புதுப்பேட்டை ஆவே மரியா அச்சகத்திலிருந்து ஒரு நூலை வெளியிட ஆரம்பித்தார். பெயர் 'ஓரியண்டல் மியூசிக் இன் யூரோப்பியன் நொட்டேஷன்'. நம் கீர்த்தனைகளை ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதி, உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்து வாசிக்கும்படி செய்வது திட்டம்.

இன்றைக்குப் புதுப்பேட்டை என்றால் பழைய கார் பார்ட்ஸ் ஞாபகம்தான் வரும். நானே என் பழைய மாருதிக்கு ஒரு சைடு மிரர் தேடி அங்கே அலைந்திருக்கிறேன். தியாகராஜர் கீர்த்தனை அச்சான தெருக்கள் இவை என்று அப்போது தெரியாது.

முதலியாருக்கு முன்னால் யாரும் இதை முயலவில்லை என்று சொல்ல முடியாது. கேப்டன் டே என்ற ஆங்கில ராணுவ அதிகாரி தென்னிந்திய இசை பற்றியும் வாத்தியங்கள் பற்றியும் 1891-இலேயே ஒரு நல்ல புத்தகம் போட்டிருந்தார். ஆனால் டே வெளியிலிருந்து பார்த்து எழுதியவர். முதலியாரின் ஆசை வேறு. மூலப் பாடம் வேண்டும், அதுவும் அந்தப் பரம்பரையிலேயே இருப்பவர் வாயால் வேண்டும்.

மூலத்தைத் தேடி

தியாகராஜர் கீர்த்தனைகளுக்கு அவர் பிடித்த ஆள் வாலாஜாபேட்டை கிருஷ்ணசாமி பாகவதர். தியாகராஜரின் நேர் சீடரான வேங்கடரமண பாகவதரின் மகன். அந்தக் குடும்பத்தின் கையெழுத்துப் பிரதிகள் இன்று மதுரை சௌராஷ்டிர சபையில் இருக்கின்றன. 'வாலாஜாபேட்டை சுவடிகள்' என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்வது இவற்றைத்தான். பாகவதரைப் பாடச் சொல்லி முதலியார் நூற்றுக்கணக்கான கீர்த்தனைகளை எழுதிக்கொண்டார்.

அடுத்து முத்துசாமி தீட்சிதர். அவர் பாட்டுகளுக்கு மூலம் எங்கே? எட்டயபுரத்தில்.

ஏன் எட்டயபுரம்? ஒரு சின்ன வம்ச வரலாறு வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ராமசாமி தீட்சிதருக்கு (1735-1817) மூன்று பிள்ளைகள்: முத்துசாமி, சின்னசாமி, பாலுசாமி. மணலியில் இருந்த முதலியார் குடும்பம் இவர்களை ஆதரித்து, கொஞ்ச காலம் இங்கேயே வைத்துக்கொண்டது. ஆமாம், நம் வடசென்னை மணலிதான். கோட்டையில் வெள்ளைக்கார பேண்டு வாசிப்பதைப் பிள்ளைகள் கேட்டார்கள். பாலுசாமி ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்றுக்கொண்டார். இன்றைக்குக் கர்நாடகக் கச்சேரியில் வயலின் இல்லாமல் ஆகாது என்ற நிலைக்கு ஆரம்பம் அங்கேதான். முத்துசாமி அந்த பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். 'நொட்டு ஸ்வர சாகித்யம்' என்று பெயர். 'ஸந்ததம் பாஹிமாம்' என்ற பாட்டின் மெட்டு பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டேதான்.

பாலுசாமி பிற்பாடு எட்டயபுரம் சமஸ்தான வித்வான் ஆனார். முத்துசாமி 1835-இல் தீபாவளியன்று காலமானதும் அங்கேதான். பாலுசாமி தன் மகள் வயிற்றுப் பேரனையே சுவீகாரம் எடுத்துக்கொண்டார். அவர்தான் சுப்பராம தீட்சிதர் (1839-1906). மூன்று தலைமுறைப் பாட்டும் சுவடியும் அவரிடம் வந்து சேர்ந்தன.

இந்த சுப்பராம தீட்சிதரைத்தான் முதலியார் தேடிப் பிடித்தார்.

புள்ளியும் அசைவும்

இங்கே ஒரு தொழில்நுட்பப் பிரச்சினை. சாஃப்ட்வேர்காரன் என்பதால் எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

ஸ்டாஃப் நொட்டேஷனில் ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு புள்ளி. புள்ளி எந்தக் கோட்டில் இருக்கிறதோ அந்தச் சுருதி. நம் சங்கீதத்தில் ஸ்வரம் அப்படி ஓரிடத்தில் நிற்காது. தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதினால் 'க' என்று ஒரே எழுத்து. பாடினால் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஆடும். அந்த ஆட்டத்தை விட்டுவிட்டு வெறும் புள்ளியாக வாசித்தால் தோடி இருக்காது, அதன் எலும்புக்கூடுதான் இருக்கும். எங்கள் பாஷையில் சொன்னால் தகவல் இழப்போடு கூடிய கம்ப்ரெஷன்.

அதற்காக ஸ்வரம் எழுதுவதே வீண் என்று அர்த்தமில்லை. அசைவையும் சேர்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான். கடைசியில் சுப்பராம தீட்சிதர் புத்தகத்தில் நடந்தது அதுதான். ஸ்வர எழுத்துகள் தெலுங்கு லிபியில். அவற்றின் மேல் கமகக் குறிகள். ஏற்ற ஜாருவுக்கு மேல்நோக்கிய சாய்கோடு, இறக்க ஜாருவுக்குக் கீழ்நோக்கிய சாய்கோடு, கம்பிதத்துக்கு அலைக்கோடு. குறிகளின் பெயர்களைப் பாருங்கள்: நொக்கு, ரவை, கண்டிப்பு, ஒதுக்கல், ஓரிகை. புத்தகம் தெலுங்கில், பாட்டுகள் பெரும்பாலும் சமஸ்கிருதத்தில், ஆனால் வீணைக் கம்பியில் விரல் செய்யும் வேலைக்குப் பெயர்கள் நம்ம ஊர்ப் பெயர்கள். வித்வான்கள் வீட்டுக்குள் எந்தப் பாஷையில் பாடம் சொல்லியிருப்பார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ராஜா சொன்ன பிறகு

இதெல்லாம் சட்டென்று நடக்கவில்லை. முதலியார் பல வருஷம் உழைத்தார். கைப்பணத்தைச் செலவழித்தார். நினைத்திருந்ததில் ஒரு பகுதிதான் அச்சேறியது. உடல்நலம் கெட்டது. கண்பார்வை மங்கியது.

1899-இல் எட்டயபுரத்தில் புது ராஜாவுக்குப் பட்டாபிஷேகம். அந்த நிலையிலும் முதலியார் சென்னையிலிருந்து எட்டயபுரம் போனார். இன்றைக்கே கோவில்பட்டியில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டிய ஊர். ராஜாவிடம் அவர் வைத்த கோரிக்கை தனக்காக இல்லை: சுப்பராம தீட்சிதரிடம் இருக்கும் சுவடிகளையெல்லாம் கமகக் குறிகளோடு எழுதி அச்சிட சமஸ்தானம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

சுப்பராம தீட்சிதர் தயங்கினார் என்று சொல்வார்கள். அவர் இடத்திலிருந்து பார்த்தால் தயக்கம் புரிகிறது. தாத்தா, பெரிய தாத்தா, கொள்ளுத் தாத்தா என்று மூன்று தலைமுறை காத்து வந்த வித்தை. சரியான சீடனுக்கு, வருஷக்கணக்கில் கூடவே இருப்பவனுக்கு மட்டும் சொல்வது. அதை அச்சடித்தால் யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கிப் போவான். தப்பாகப் பாடிவிட்டு தீட்சிதர் பாட்டு என்பான்.

ராஜா சொன்ன பிறகு அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். 1904-இல் எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சகத்திலிருந்து 'சங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி' வந்தது. ஏறத்தாழ 1700 பக்கம். முத்துசாமி தீட்சிதரின் 229 கிருதிகள், வேங்கடமகி பரம்பரையின் லக்ஷண கீதங்கள், தானங்கள், சஞ்சாரிகள், 77 பேரின் வாழ்க்கைக் குறிப்பு. முன்னுரையில் முதலியாரின் பங்கை தீட்சிதர் மறைக்காமல் சொல்கிறார்.

ஒரு கத்தோலிக்க முதலியார் தூண்ட, ஒரு தெலுங்கு பேசும் நாயக்க ராஜா பணம் போட, ஒரு தமிழ்ப் பிராமண வித்வான் தெலுங்கில் எழுதிய புத்தகம். யாருடைய சங்கீதம் என்று இன்றைக்கு நாம் போடும் சண்டைகளுக்கு நடுவே இதை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கலாம்.

இரண்டு வருஷத்தில், 1906-இல், சுப்பராம தீட்சிதர் காலமானார். அதே ஊர்க்காரரான பாரதி அவருக்கு ஒரு இரங்கல் பாட்டு எழுதியிருக்கிறார். பாரதி கவிதைத் தொகுப்பில் தேடினால் கிடைக்கும்.

இரண்டு வருஷம். அவ்வளவுதான் இடைவெளி. முதலியார் எட்டயபுரம் போவதைத் தள்ளிப் போட்டிருந்தால்? பணமும் போய் கண்ணும் போன மனுஷன், நமக்கெதற்கு என்று புதுப்பேட்டையிலேயே இருந்திருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

போனது போனதுதான்

தள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் புத்தகத்துக்குள்ளேயே ஒரு அத்தாட்சி இருக்கிறது. ராமசாமி தீட்சிதர் 108 ராக தாள மாலிகை ஒன்று செய்தார். 108 ராகம், 108 தாளம், ஒரே பாட்டு. உலகத்திலேயே நீளமான பாட்டுகளில் ஒன்றாக இருந்திருக்கும். ப்ரதர்சினியில் அச்சாகியிருப்பது 61 ராகம் வரைதான். பாக்கி 47 ராகம் இல்லை. கொள்ளுத் தாத்தாவின் பாட்டு, சொந்தக் குடும்பம், சமஸ்தான ஆதரவு, எல்லாம் இருந்தும் இல்லை. 1817-க்கும் 1904-க்கும் நடுவில் எங்கேயோ போய்விட்டது.

கிடைத்தது எவ்வளவு தூரம் போயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். 1904-இல் பம்பாயிலிருந்து பாத்கண்டே தெற்கே சுற்றி வந்தபோது எட்டயபுரம் போய் சுப்பராம தீட்சிதரைச் சந்தித்தார். வேங்கடமகியின் 'சதுர்தண்டி ப்ரகாசிகை' பிரதி அவருக்கு அங்கே கிடைத்தது. ஹிந்துஸ்தானி ராகங்களைப் பத்து தாட்டாக அவர் பிரித்ததற்குப் பின்னால் நம் மேளகர்த்தா யோசனை இருக்கிறது. எட்டயபுரத்தில் ஒரு வீட்டில் இருந்த கட்டு, லக்னோவில் பாடம் படிக்கும் பையன் வரை வேலை செய்திருக்கிறது.

சுப்பராம தீட்சிதரின் மகன் அம்பி தீட்சிதர் பிற்பாடு சென்னைக்கு வந்தார். டி. எல். வெங்கடராமய்யர், டி. கே. பட்டம்மாள் போன்றவர்களுக்கு தீட்சிதர் கிருதிகள் போய்ச் சேர்ந்தது அவர் வழியாக. 1936-இல் அவர் காலமானார். 1930-களுக்குப் பிறகு தீட்சிதர் பெயரில் இன்னும் நிறைய கிருதிகள் அச்சுக்கு வந்தன. இன்றைக்கு எண்ணிக்கை 229-ஐப் போல இரண்டு மடங்கு. அதில் எது உண்மை, எது பிற்சேர்க்கை என்று சண்டை இன்னும் ஓயவில்லை. சண்டை வரும்போதெல்லாம் எல்லோரும் திரும்பிப் போய்ப் பார்ப்பது 1904 புத்தகத்தைத்தான். தமிழ் லிபியில் மியூசிக் அகாடமி அதை 1961 தொடங்கி ஐந்து பாகமாகக் கொண்டுவந்தது. ஐந்தாவது பாகம் முடிய 1983 ஆயிற்று.

மகள்கள்

இங்கிலாந்தில் இதே காலத்தில் என்ன நடந்தது என்று பார்த்தேன். சாமுவேல் வெஸ்லி என்று ஒரு ஆர்கன் கலைஞர், இசையமைப்பாளர். விக்டோரியா பட்டத்துக்கு வந்த 1837-இல் இறந்தார். இங்கிலாந்தில் பாக்கின் இசையைப் பரப்பியதில் முக்கியமானவர். அவர் மகள் எலைசா வெஸ்லி, அவரும் லண்டனில் ஒரு சர்ச்சில் பல பத்தாண்டுகள் ஆர்கன் வாசித்தவர். பாக் பற்றி அப்பா எழுதிய கடிதங்களை 1875-இல் புத்தகமாகப் போட்டார். அப்பாவின் காகிதங்களைக் கட்டிக் காத்து, 1895-இல் தான் இறக்கும்போது பிரிட்டிஷ் மியூசியத்துக்கு விட்டுப் போனார். இன்றைக்கு யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

நம் பக்கத்திலும் ஒரு மகள் இருக்கிறார். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 'கருணாமிர்த சாகரம்' முதல் பாகத்தை 1917-இல் வெளியிட்டார். 1919-இல் காலமாகிவிட்டார். இரண்டாம் பாகம் வந்தது 1946-இல். கொண்டுவந்தவர் மகள் மரகதவல்லி. 27 வருஷம். இரண்டு உலகப் போருக்கு நடுவிலும் பின்னாலும் அப்பாவின் காகிதக் கட்டைப் பூச்சி அரிக்காமல் வைத்திருந்து, காகிதத் தட்டுப்பாட்டுக் காலம் முடியும் முன்பே அச்சேற்றியிருக்கிறார்.

சுப்பராம தீட்சிதருக்குக் குடும்ப வித்தை வந்ததே மகள் வயிற்றுப் பேரன் என்பதால்தான். பட்டியலில் பேர் வருவது ஆண்களுடையது. பெட்டி இருப்பது பெண்கள் மடியில்.

ஃபைல் இருக்கிறது, டிகோடர்?

பெரியம்மா வீட்டுக்குத் திரும்புகிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய் அவள் சொன்ன மாதிரியே அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். தாத்தா தமிழில் எழுதியிருந்தார். தமிழில் ஒரே 'க' என்பதால் பழைய பாட்டுப் புத்தகங்களில் செய்வது போல க, ட, த, ப மேலே 2, 3, 4 என்று எண் போட்டிருந்தார். அது எனக்குப் புரிந்தது. ஸ்வரத்தின் மேல் சில இடத்தில் சின்னக் கொக்கி, சில இடத்தில் இரட்டைப் புள்ளி. அது புரியவில்லை. ப்ரதர்சினித் தமிழ்ப் பதிப்பின் கமகப் பட்டியலைப் ஃபோனில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டேன். பொருந்தவில்லை.

"இந்தக் கொக்கி நொக்கா பெரியம்மா?"

கண்ணாடியை ஏற்றிப் பார்த்தாள். "நொக்கும் இல்ல, கிக்கும் இல்ல. அது அப்பாவோட குறி. வாத்தியார் அந்த எடத்துல குரலக் கொஞ்சம் பின்னால இழுத்துப் பாடுவாராம். நான் தப்பா பாடினா அப்பா பென்சிலால அந்தக் கொக்கியத் தட்டுவார்."

பாடிக் காட்டினாள். குரல் உடைந்திருந்தது, மேல் ஸ்தாயி போகவில்லை. ஆனால் அந்தக் கொக்கி இருந்த இடத்தில் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தாள். ஒரு தரம் கேட்டதும் அடுத்த பக்கத்தில் இருந்த கொக்கிகளும் எனக்குப் படிக்க வந்துவிட்டன. இரட்டைப் புள்ளிக்கு அர்த்தம் அவளுக்கே முதலில் ஞாபகம் வரவில்லை. பாட்டைப் பாதி பாடிக்கொண்டு வந்தபோது தானாக வந்தது. "ஆங், இதான்!" என்று தொடையில் தட்டினாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் ஸ்கேன் பண்ணித் தூக்கிப் போட்டிருந்தால் என்னிடம் இருந்திருப்பது ஒரு ஃபைல். அதைத் திறக்கும் டிகோடர் இந்தத் தகரப் பெட்டியில் இல்லை. 81 வயசில் எதிரே உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு பேக்கப் கிடையாது.

முதலியாரின் அருமையும் அங்கேதான் புரிந்தது. எட்டயபுரத்துச் சுவடிகளை விலைக்கு வாங்கிச் சென்னைக்குக் கொண்டுவர அவர் முயலவில்லை. அவற்றைப் படிக்கத் தெரிந்த மனுஷரையே உட்கார வைத்து எழுதச் சொன்னார். குறிகளுக்கு விளக்கமும் அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதனால்தான் 120 வருஷம் கழித்தும் ஒரு சாஃப்ட்வேர் என்ஜினியர் அதை ஃபோனில் வைத்துக்கொண்டு ஒப்பிட முடிகிறது. அவர் ஆரம்பித்த ஸ்டாஃப் நொட்டேஷன் திட்டம் பாதியில் நின்றது. ஃபார்மேட் தோற்றது, நோக்கம் ஜெயித்தது. தன் ஃபார்மேட்டையே பிடித்துக்கொண்டு தொங்காமல், தீட்சிதர் கைக்கு எது பழக்கமோ அதிலேயே வரட்டும் என்று விட்டாரே, அந்தப் பெருந்தன்மை எங்கள் தொழிலில் நான் அதிகம் பார்த்ததில்லை.

இப்போதைக்கு

பெரியம்மா இப்போது அடையாறில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறாள். பெட்டியும் அவளோடுதான் போயிருக்கிறது. எனக்கு எடுத்துக்கொண்டு போக அனுமதி இன்னும் கிடைக்கவில்லை, நானும் கேட்பதை விட்டுவிட்டேன். ஞாயிறு காலை பத்து மணிக்குப் போகிறேன். அவள் ஒரு பாட்டைப் பாடுகிறாள், நான் ஃபோனில் பதிகிறேன். பக்கத்தைப் படமெடுத்து, கொக்கி வரும் இடமெல்லாம் எத்தனையாவது நிமிஷம், எத்தனையாவது நொடி என்று ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் குறிக்கிறேன். ஆறு வாரத்தில் 11 பாட்டு முடிந்திருக்கிறது. ஏழு நோட்டிலும் சேர்த்து 94. சில வாரம் அவளுக்கு மூச்சு வாங்குகிறது, அன்றைக்குப் பாட்டு கிடையாது, காபி மட்டும்.

கணக்குப் போட்டால் இன்னும் பத்து மாசம் ஆகும். நான் அந்தக் கணக்கை அவளிடம் சொல்லவில்லை.

இவை அரிய பாட்டுகளா என்றால், இல்லை. பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்த கிருதிகள்தான். 1940-களில் மயிலாப்பூரில் ஒரு வாத்தியார் ஒரு குமாஸ்தாவுக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தார் என்பது மட்டும்தான் இதில் இருக்கும் புதுச் செய்தி. அது போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. சுப்பராம தீட்சிதர் வீட்டுக் கட்டும் ஒரு காலத்தில் ஒரு வீட்டுக் கட்டுதான்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது இருக்கலாம். சங்கீதமாக இருக்க வேண்டும் என்று இல்லை. வைத்தியக் குறிப்பு, கோயில் கணக்கு, சமையல் நோட்டு, சர்ச் பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் யாரோ எழுதிய ஸ்வரம். பழைய பேப்பர் கடைக்குப் போடும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, அதைப் படிக்கத் தெரிந்த வயசானவர் வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள், ஸ்கேன் எல்லாம் அப்புறம். இரண்டு, வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது, பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம் இருக்கிறது. போய்க் கேட்டுப் பாருங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

அந்த எட்டாவது நோட்டை எடுத்துக்கொண்டு போனவர், அல்லது அவர் பிள்ளைகள், தற்செயலாக இதைப் படித்தால்: நீள நோட்டு, பழுப்பு அட்டை, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழிக்குக் கீழே மோகன வர்ணம். கோபம் எல்லாம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்தால் போதும். அதைப் படிக்கத் தெரிந்தவர் இன்னும் இருக்கிறார்.